ஹீட்டர் ஹோஸ் வெடிச்சிடுச்சு, கம்பெனி சர்வீஸ்ல 18 ஆயிரம் சொல்றாங்க, நானே மாத்தலாமா?

ஓஎம்ஆர் வாசி:
அண்ணன்மாரே கொஞ்சம் அவசரம். 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1 லட்சத்து 12 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு. வண்டி பேரு வேணாம், எந்த சர்வீஸ் சென்டர்னு கண்டுபிடிச்சு சண்டைக்கு வந்துருவாங்க. ஞாயித்துக்கிழமை திருச்சிலேர்ந்து குடும்பத்தோட வர்றப்ப மதுராந்தகம் தாண்டி மாமண்டூர் வர்றதுக்குள்ள பானட்லேர்ந்து புகையா வருது, மாமியார் தீப்பிடிச்சிருச்சுன்னு கதவையே தொறந்துட்டாங்க, ஓரங்கட்டி பார்த்தா புகை இல்ல, ஆவி. இஞ்சினுக்குப் பின்னாடி டேஷ்போர்டு பக்கம் போற ரெண்டு ரப்பர் குழாய்ல ஒண்ணு வாயப் பொளந்துட்டு நிக்குது. டோ பண்ணி சர்வீஸ் சென்டர்ல விட்டேன். ஹோஸ், கூலன்ட், ரேடியேட்டர் ஃப்ளஷ், அதோட டேஷ்போர்டுக்குள்ள குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்குற ஹீட்டர் கோரையும் மாத்திரணும், டேஷ்போர்டு கழட்டணும், எல்லாம் சேத்து 18,400னு எஸ்டிமேட். சென்னைல இருந்துக்கிட்டு நான் ஹீட்டர் போட்டதே இல்ல சார், போடாத ஹீட்டருக்கு எதுக்கு 18 ஆயிரம்? வண்டிய வீட்டுக்கே எடுத்துட்டு வந்துட்டேன். நானே மாத்தலாமா, இல்ல அந்த லைனையே அடைச்சிரலாமா?

ரெண்டாவது ஓனர்:
ஹோஸ் மட்டும்னா தாராளமா மாத்தலாம் ப்ரோ. ஹீட்டர் போடலன்னாலும் நிறைய வண்டில கூலன்ட், அதான் இஞ்சின் சூட்ட ஆத்துற தண்ணி, அந்த லைன்ல சுத்திட்டேதான் இருக்கும், நாம திருப்புற நாப் உள்ள இருக்குற காத்துத் தடுப்பைத்தான் நகத்தும், தண்ணிய நிறுத்தாது. அதனால பத்து வருஷமா அந்த ரப்பர் சூட்டுல வெந்துக்கிட்டேதான் இருந்துருக்கு. ஹீட்டர் கோர் போயிருச்சான்னு பாக்க டேஷ்போர்டு கழட்டவே வேணாம், முன் சீட்டு ரெண்டு பக்கமும் காலடி கார்பெட்ட அமுக்கிப் பாரு, ஈரமா பிசுபிசுன்னு இருந்தாலோ, உள்ள இனிப்பா வாடை வந்தாலோ, கண்ணாடில எண்ணெய் மாதிரி படலம் படிஞ்சாலோதான் சந்தேகம். ஒண்ணுமே இல்லன்னா அதுக்கு ஏன் காசு கொடுக்கணும்.

கொளத்தூர் பட்டறை:
தம்பி, ஹோஸ் கெடக்கட்டும். சூடு முள்ளு எங்க நின்னுச்சு, அதுக்கப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டுன? அதச் சொல்லு மொதல்ல.

ஓஎம்ஆர் வாசி:
முள்ளு மேல ஏறுச்சுண்ணா, அப்புறம் தானா கீழ எறங்கிருச்சு, சரியாயிருச்சுன்னு நெனச்சு இன்னொரு 1 கிலோமீட்டர் ஓட்டிட்டேன்.

கொளத்தூர் பட்டறை:
அங்கதான் தப்பு பண்ணிட்ட. முள்ளு எறங்குனது சூடு கொறஞ்சு இல்ல, தண்ணியே காலி, சென்சார் தண்ணில நிக்காம வெறும் ஆவில நின்னா அப்படித்தான் பொய் காட்டும். இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற ஹெட் கேஸ்கெட் அடிச்சிருக்கான்னு பாக்காம, ஹோஸ் மட்டும் மாத்திட்டு விட்டுராத. சிலிண்டர் காத்து கூலன்ட்ல பூந்தா பிரஷர் ஏறி புது ஹோஸையும் கிழிச்சிரும். ஹோஸ மாட்டுனதும் இஞ்சின் சில்லுன்னு இருக்கறப்ப ரேடியேட்டர் மூடிய தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணு. மொதல்ல கொஞ்சம் குமிழ் வரும், அது உள்ள மாட்டுன காத்து, நிக்காம வந்துட்டே இருந்தா கேஸ்கெட்தான். ஆயில் ஊத்துற மூடிக்கு உள்பக்கம் காப்பி பால் மாதிரி இருந்தாலும் அதேதான். சூடா இருக்கறப்ப மட்டும் மூடில கை வச்சிராத, எங்கிட்ட வேல பாத்த பையன் ஒருத்தனுக்கு மொழங்கை வரைக்கும் வெந்துருச்சு.

குன்னூர்க்காரர்:
லைன அடைக்கறேன்னு சொல்றாரே, அதுக்கு என்ன சொல்றீங்க? எங்களுக்கெல்லாம் மார்கழில ஹீட்டர் இல்லன்னா வண்டியே வேணாம். அதோட மலை ஏறும்போது இஞ்சின் சூடேறுனா ஏசிய நிறுத்திட்டு ஹீட்டர ஃபுல்லா போட்டா கொஞ்சம் சூட்ட அது உறிஞ்சிக்கும், அந்த வழியையும் அடைச்சிட்டு ஏற்காடு ஏறுனா கஷ்டம்தான்.

கொளத்தூர் பட்டறை:
அவர் சொல்றது சரி. அவசரத்துக்குன்னா போற குழாயையும் வர்ற குழாயையும் ஒண்ணா சேத்து லூப் போடலாம். தனித்தனியா கட்டை வச்சு அடைக்காத, சில இஞ்சின்ல, சூடேறுற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணி விடாத தெர்மோஸ்டாட் மூடியிருக்கறப்ப தண்ணி சுத்தறதுக்கு அந்த லைன்தான் வழி.

ரெண்டாவது ஓனர்:
ஹோஸ அதே சர்வீஸ் சென்டரோட ஸ்பேர்ஸ் கவுன்ட்டர்லயே வாங்கு. ஒரிஜினல் ஹோஸ் வளைவோட வார்த்து வரும், நேர் குழாய வாங்கி வளைச்சா மடங்கிக்கும். அப்படி ஸ்டாக் இல்லன்னா பழைய துண்ட கையில எடுத்துட்டு புதுப்பேட்டை இல்ல ஜிபி ரோடு போ, ஹீட்டர் ஹோஸ்னு கேட்டு வாங்கு, பெட்ரோல் டியூபையோ கேஸ் டியூபையோ தலைல கட்டப் பாப்பாங்க. ரெண்டு ஹோஸையும் மாத்திரு, ஒண்ணு வெடிச்சா இன்னொண்ணுக்கும் அதே வயசுதான. முக்கியமா கோர் பக்க முனைய முறுக்கி இழுக்காத, அங்க இருக்குற பைப் மெல்லிசு, வளைஞ்சிட்டா அவன் கேட்ட 18 ஆயிரத்த நீயே கொண்டுபோய் குடுக்கணும். பிளேடால ஹோஸ நீளவாக்குல கீறி உரிச்சு எடு. ஸ்பிரிங் கிளிப் நல்லா இருந்தா அதையே போடு, ரப்பர் சுருங்குனாலும் அது கூடவே இறுகும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, போர் தண்ணி வேணவே வேணாம்.

ஓஎம்ஆர் வாசி (4 நாள் கழிச்சு):
முடிச்சிட்டேன்! கார்பெட் காஞ்சு கெடந்துச்சு, ஆயில் மூடி சுத்தம், குமிழும் கொஞ்ச நேரத்துல நின்னுருச்சு, மாமியார் வேண்டுதல் போல. ஹோஸ் ரெண்டும் 1,380, கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர், ஒரு கிளிப்னு மொத்தம் 2,600க்குள்ள வந்துச்சு. ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சேன், அஞ்சு மணி நேரம் ஆச்சு, இஞ்சினுக்குக் காத்து போற இன்டேக்குக்கு அடில ஒரு முனை இருக்கு, அங்க என் கையே போகல, பையன் கைதான் போச்சு. மொத தடவ ஸ்டார்ட் பண்ணதும் ஒழுகுச்சு, பார்த்தா கிளிப்ப ஹோஸ்ல கோத்துட்டு முனைக்கு நகத்தாமலே விட்டுருக்கேன். அப்புறம் ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு ரெண்டு தடவ ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிக்கற வரைக்கும் லைன்ல மாட்டுன காத்த எடுத்தேன், வைகாசி வெயில்ல அந்த அரை மணி நேரம் உள்ள உக்காந்தது தனி தண்டனை. இன்னும் ஒண்ணே ஒண்ணு, ட்ரே நெறைய பழைய கூலன்ட் இருக்கு, எங்க கொட்றது?

கொளத்தூர் பட்டறை:
வாசல்ல கொட்டிராத தம்பி, இனிக்கும், தெரு நாய் நக்குனா கிட்னி போய் செத்துரும். கேன்ல புடிச்சு மூடி வை. பெரிய சர்வீஸ் சென்டர்ல கழிவு எடுக்க ஆள் வருவாங்க, அங்க கேட்டுப் பாரு.

ஓஎம்ஆர் வாசி:
18,400 சொன்ன அதே இடத்துலயாண்ணா?

கொளத்தூர் பட்டறை:
அதே இடம்தான். ஸ்பேர்ஸ் கவுன்ட்டர்ல ஹோஸ் குடுத்த பையன்கிட்ட மெதுவா கேளு, எஸ்டிமேட் போடற அட்வைசர் பக்கம் போகாத.