நாஷ்வில்லில் பார்த்த மர எழுத்துகள்

மர எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் ஒரு பழைய அச்சகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது 'ஹேட்ச் ஷோ பிரின்ட்' என்ற போஸ்டர் அச்சகத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே கால் வைத்ததும் மை வாசனை. அப்பா அச்சுக்கோப்பவராக, அதாவது அச்சு எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்குபவராக இருந்தவர். வேலை முடிந்து வரும்போது அவர் சட்டையில் இதே வாசனைதான் இருக்கும். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

1879-இல் சார்லஸ், ஹெர்பர்ட் என்ற ஹேட்ச் சகோதரர்கள் தொடங்கிய கடை அது. முதலில் அடித்தது ஹென்றி வார்ட் பீச்சர் என்ற போதகரின் சொற்பொழிவுக்கான நோட்டீஸ். அப்புறம் சர்க்கஸ், நாடகம் என்று எல்லாவற்றுக்கும் போஸ்டர். சார்லஸின் மகன் வில், 1952-இல் இறக்கும்வரை நடத்திய காலம்தான் உச்சம். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சிப் பாடகர்கள் வெளியூர்க் கச்சேரிக்குப் போகும் முன்பே இவர்கள் போஸ்டர் அங்கே சுவரேறிவிடும். அதற்கான படங்களை வில் தன் கையாலேயே மரத்தில் செதுக்கியிருக்கிறார்.

எழுத்துக் கோக்கத் தேவையில்லாத ஆஃப்செட் அச்சுமுறை வந்ததும் தொழில் படுத்துவிட்டது. 1984-இல் நிர்வாகத்துக்கு வந்த ஜிம் ஷெராடன், பழைய மர அச்சுக்கட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டாமல் தொடர்ந்து அச்சடித்தே காப்பாற்றலாம் என்று பிடிவாதமாக நின்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. எங்கள் ஊரில் அப்பா கோத்த எழுத்துகளைக் கிலோக் கணக்கில் எடைக்குத்தான் போட்டார்கள்.

இன்றும் அங்கே புதுக் கச்சேரிகளுக்குப் பழைய எழுத்துகளையே பொறுக்கிக் கோக்கிறார்கள். ஒரு எழுத்து போதாவிட்டால் அந்த வரிக்கு வேறு அளவு எழுத்தைத் தேட வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு ஓட்டம். தாள் மறுபடி இயந்திரத்துக்குள் போகும். ஒரு மர எழுத்தைக் கையில் வாங்கினேன். வருடக்கணக்கில் மை ஊறி வழவழப்பாக, கருங்கல் மாதிரி இருந்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்தைத் தடவிப் படிக்க அப்பா சொல்லிக்கொடுத்தது விரலுக்கு மறக்கவில்லை.

கடைசியில் நாமே ஒரு போஸ்டர் அடிக்கலாம். உருளையைத் தள்ளித் தாளை எடுத்தால், ஓர் எழுத்தின் ஓரத்தில் பழைய கீறல் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. வேறு தாள் தரட்டுமா என்று கேட்டார் அங்கிருந்த பெண். இதுதான் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.