புதுப்பிப்பு: ஜி அளவு ரயில் எஞ்சினுக்கு எந்த ரீசார்ஜ் பற்றரி?

ஆறு ஏஏ அல்கலைன் பற்றரியில் ஓடும் ஜி அளவு (பெரிய வகை மாதிரி ரயில்) எஞ்சினுக்கு ரீசார்ஜ் பற்றரி எது சரி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், எட்டுச் செல் யோசனைதான். ஆறு போட்டால் 7.2 வோல்ட், அல்கலைனில் 9. அந்த 7.2 வோல்ட்டில் இரண்டு பெட்டி இழுக்கவே எஞ்சின் முனகியது. எட்டுச் செல் கூடு கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைத்தது. எஞ்சினுக்குள் அடங்கவில்லை, அதனால் பின்னால் வரும் சரக்குப் பெட்டிக்குள் வைத்து வயர் இழுத்தேன். இப்போது 9.6 வோல்ட்; நாலு பெட்டியோடு வளைவிலும் தயங்காமல் போகிறது.

14500 லித்தியம் சொன்ன தம்பிக்கு: அளவு ஏஏதான், ஆனால் ஒன்றே 3.7 வோல்ட். ஆறும் போட்டால் 22 தாண்டும். மிச்ச இடங்களில் டம்மி செல் (மின்சாரம் தராமல் இணைப்பு மட்டும் கொடுக்கும் போலிச் செல்) போட்டுச் சமாளிக்கலாம்தான். மகன் கையாளும் எஞ்சினில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று. அல்கலைன் மெல்ல மெல்லத் தளரும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே வேகம், அப்புறம் திடீரென்று படுத்துவிடும். வேகம் விழுந்ததும் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பலவீனமான செல் துருவம் (பிளஸ், மைனஸ்) மாறிப் பழுதாகும்.

வாங்கும்போது லோ செல்ஃப் டிஸ்சார்ஜ் (சும்மா கிடக்கும்போது சார்ஜ் மெதுவாகவே இறங்கும்) வகையா என்று பாருங்கள். மற்றது அலுமாரியில் கிடந்தே இறங்கிவிடும், கொழும்பு வெக்கையில் இன்னும் சீக்கிரம்.