பொருள்: தீ விபத்தில் வெளியேறப் பழக்கும் கணினி விளையாட்டு – சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

> 'தீ வெளியேற்ற விளையாட்டு' என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. வெளியேற்றம் என்றால் கழிவுநீர் நினைவுக்கு வருகிறது. முன்னால் 'தீ' சேர்ந்தால் தீயை வெளியே அனுப்புவது போலவும் ஆகிறது. அதைவிட, 'வெளியேற்று' பிறவினை. இதில் ஆடுபவர் தன் காலால் வெளியேறுகிறார். தளப் பொறுப்பாளராக ஆடும்போது மட்டுமே பிறரை வெளியேற்றுகிறார். இரண்டும் வேறு வேறு பயிற்சி. ஒரே ஒரு 'ற்' அதைப் பிரித்துக் காட்டுகிறது; அதை விட்டுவிடக் கூடாது.

பயிற்சிக்கான விளையாட்டை ஆங்கிலத்தில் 'serious game' என்பதால், 'தீவிர விளையாட்டு' என்று நேராக மொழிபெயர்ப்பதும் பொருந்தாது. தீவிரம் நோய்க்கும் போராட்டத்துக்கும் உரிய சொல். பயிலரங்கு போலப் 'பயிலாட்டம்' என்பது இந்த வகை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகலாம். நம்முடையதற்கு 'வெளியேறல் ஒத்திகையாட்டம்' என்பதே என் பரிந்துரை.

ஒத்திகை என்ற சொல்லை நான் விடாததற்குக் காரணம் உண்டு. மேடையில் நடக்கப்போவது போலவே இருந்தால்தான் அது ஒத்திகை. சுடும் விளையாட்டுக்கான மென்பொருளில் பாத்திரத்தின் வேகத்தை மாற்றாமல் விட்டால் அது பறக்கும். சமதரையில் மனிதர் நடப்பது நொடிக்குச் சுமார் 1.2 மீட்டர், படியில் இன்னும் குறைவு. வேகத்தைக் குறைக்காவிட்டால் 'நிறைய நேரம் இருக்கிறது' என்ற தவறான பாடம் மனத்தில் பதிந்துவிடும். கடிகாரமும் முதல் அடி வைத்தபின் ஓடக் கூடாது, மணி அடித்ததுமே ஓட வேண்டும். பையை எடுப்பது, பக்கத்து மேசையில் விசாரிப்பது என்று அங்கேதான் நேரம் கரைகிறது. இதற்கு 'புறப்பாட்டுத் தாமதம்' எனலாம்.

லிஃப்ட் பொத்தானை முடக்கிவைக்காதீர்கள். அழுத்தட்டும், காத்திருக்கட்டும், கூரையிலிருந்து புகை இறங்கட்டும். குனிந்தால் பார்வை தெளிய வேண்டும், வேகம் பாதியாக வேண்டும். நேரத்துக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தால் படியில் முன்னால் போகிறவரை முந்தத்தான் பழகுவார்கள். தடுக்கி விழுந்தவரைக் கடந்து போனால் மதிப்பெண் குறைய வேண்டும்.

அன்புடன்,
பெங்களூரு

---

அன்பின் ஐயா,

'ஒத்திகையாட்டம்' சரி. காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் முதல் திரையிலேயே படித்து விளங்கிக்கொள்வார்கள். இந்த ஊர் அலுவலகக் கோபுரங்களில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. பொத்தானில் இடம் போதாது என்றால் 'ஒத்திகை' மட்டும் போதும்.

தலைப்பில் 'தீ' வராததும் நல்லதே. 2010 பிப்ரவரி 23-ல் பெங்களூரு பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்ட்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டடத் தீ விபத்தில் புகையில் சிக்கியும் மேலிருந்து குதித்தும் 9 பேர் இறந்தார்கள். தீப்பிழம்பை மட்டும் காட்டும் காட்சி புகைக்குப் பயப்படக் கற்றுத்தராது. தொடக்க இடத்திலும் கவனம் வேண்டும். மக்கள் வந்த வழியிலேயே திரும்ப ஓடுவார்கள். எனவே நுழைவாயில் கண்ணுக்குத் தெரிகிற, அவசரப் படிக்கட்டு தெரியாத இடத்தில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். உண்மைக் கட்டடத்தில் கதவு எந்த நிறமோ, எந்தப் பக்கம் திறக்குமோ, திரையிலும் அப்படியே இருக்கட்டும்.

வெளியே வந்து எண்ணிக்கை எடுக்கும் இடம் 'கூடுமிடம்'. பெயர் வைக்க மீதி ஒன்று: 24 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களில் தீயின்போது ஒதுங்கி நிற்க விடும் திறந்த பகுதி (refuge area). 'புகலிடம்' அகதிகளை நினைவூட்டுகிறது, 'தங்குதளம்' விடுதி போலிருக்கிறது. 'ஒதுங்குதளம்' எப்படி?