குரோம் சேற்று மூட்டையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடிகிறது, என்ன செய்ய?

பேட்டைப் பட்டறை
அண்ணாச்சிமாரே, திருநெல்வேலி பேட்டையில் சின்ன குரோம் பிளேட்டிங் (இரும்புக்குக் குரோம் முலாம் பூசும்) பட்டறை. அப்பாவுக்குப் பிறகு நான்தான் பார்க்கிறேன். கழுவுத் தண்ணீரில் ஆசிட், மெட்டாபைசல்பைட் (மஞ்சள் குரோமைப் பச்சையாக்கும் உப்பு), அப்புறம் சுண்ணாம்பு போட்டு, படியும் சேற்றைக் காயவைத்து மூட்டை கட்டுவோம். 18 மூட்டை கிடக்கு. நேற்றைய மழையில் ஷெட் ஒழுகி, கீழ்வரிசைச் சாக்கு நனைந்து எலுமிச்சை நிறத்தில் வடிகிறது. சேறு சாம்பல் பச்சையாகத்தான் இருக்கும், இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? காயலான் கடைக்காரர் ஒருத்தர் சும்மாவே எடுத்துக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

சுத்தமல்லிக்காரன்
கொடுக்காதீங்க தம்பி. 2024 டிசம்பரில் எங்க பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூரில் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டிட்டுப் போனாங்க. பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகுதான் லாரியில் திருப்பி அள்ளிப் போனாங்க. எங்க ஆடு மாடு மேயுற இடம் அது. உங்க மூட்டையும் இன்னொரு ஊர் ஓடைக்குத்தான் போகும். கேஸ் உங்க பேருக்கு வரும்.

ஆய்வகத்து அக்கா
மஞ்சள் என்றால் ஆறு இணைதிற குரோமியம், குரோமியத்தின் நச்சு வடிவம், தண்ணீரில் கரைவது. முதலில் மணல் சாக்கு அடுக்கி வடிகாலை அடைங்க, ஒரு சொட்டும் நெல்லைக் கால்வாய்க்குப் போகக்கூடாது. கையுறை இல்லாமல் தொடாதீங்க. கீறல் உள்ள கையில் பட்டால் குரோம் புண் குழியாக இறங்கும், ஆற மாதக்கணக்காகும்.
இரண்டு கேள்வி. மெட்டா போடும்போது பிஎச் (புளிப்பு அளவு) எவ்வளவு? தொட்டியில் வேறு எதுவும் போடுறீங்களா?

பேட்டைப் பட்டறை
பிஎச் பார்க்கிறதில்லை அக்கா, கண்மதிப்புதான். பாசி பிடிக்கக்கூடாதுன்னு சேற்றுத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தூவுவோம்.

ஆய்வகத்து அக்கா
அதுதான் காரணம்! சுண்ணாம்புத் தண்ணீரில் குளோரின் பட்டால், படிந்த பச்சைக் குரோமியம் திரும்ப மஞ்சளாகிக் கரையும். இன்றோடு நிறுத்துங்க. வடிந்ததைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடிச்சு, ஆசிட் விட்டு பிஎச் 2, 3-க்கு இறக்கி, மெட்டா போட்டுக் கலக்குங்க. மூச்சடைக்கும் வாயு வரும், கதவைத் திறந்து வையுங்க. சயனைடு கலந்த முலாம் தொட்டித் தண்ணீர் இருந்தால் அந்தப் பக்கமே ஆசிட் போகக்கூடாது, உயிரே போகும். மஞ்சள் போய்ப் பச்சையானதும் கொஞ்சம் தண்ணீர் எடுத்து டைபினைல் கார்பசைடு சொட்டு விடுங்க, மஞ்சள் குரோமியம் மிச்சமிருந்தால் ஊதாவாகும். ஊதா வரலைன்னா, சுண்ணாம்பு போட்டு 8, 9-க்கு ஏத்துங்க.

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்
முதல் மூட்டை எப்போ கட்டினது? 2016 அபாயகரக் கழிவு விதிப்படி 90 நாள்தான் வைக்கலாம்.

பேட்டைப் பட்டறை
ஆனி மாசம். 90 தாண்டிடுச்சு.

கங்கைகொண்டான் சூப்பர்வைசர்
மறைக்காமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அவகாசம் கேளுங்க. நனைந்ததை டிரம்முக்கு மாத்தி லேபிள் ஒட்டுங்க. அனுமதி உள்ள வண்டியில், அனுமதி உள்ள நிலையத்துக்கு மட்டும் அனுப்புங்க. கழிவோடு போகும் ஏழு நிறத் தாள் சீட்டில் (மேனிபெஸ்ட்) மஞ்சள் தாள் உங்க கையில் நிற்கும். கழிவை வாங்கின நிலையத்தார் நீலத் தாளைத் திருப்பி அனுப்புற வரை விடாமல் கேளுங்க. வருஷா வருஷம் ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் கழிவுக் கணக்கும் வாரியத்துக்குக் கொடுக்கணும்.

பேட்டைப் பட்டறை
நாலு நாள் ஆச்சு. இரண்டு டிரம் தண்ணீர் பச்சையாச்சு, மூணாவதில் இன்னும் ஊதா வருது, நாளைக்குத் திரும்ப மெட்டா போடுறேன். வாரியத்தில் கடிதம் கொடுத்தாச்சு. ஷெட்டுக்குத் தகரம் மாத்த ஆள் ஏறியிருக்கு.