தூளும் உலர்பனி, கட்டியும் உலர்பனியா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். கண்டுபிடிப்புகள் பற்றிய சிறுவர் நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். இப்போது இருப்பது உலர்பனி, அதாவது 'டிரை ஐஸ்' அதிகாரம்; அடுத்தது சூரிய மின்கலம். அழுத்தத்தில் இருக்கும் திரவக் கார்பன் டை ஆக்சைடைச் சிறு துளை வழியே திறந்துவிட்டால், ஒரு பகுதி ஆவியாகி மிச்சத்தை வெண்தூளாக உறைய வைக்கிறது. அதை வார்ப்பச்சில் போட்டு அழுத்தினால் கட்டி. "உலர்பனியை அழுத்தி உலர்பனி செய்கிறார்கள்" என்று எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன். இரண்டு சொல் வேண்டும்.

மூத்த உறுப்பினர்:
முதலில் அது பனியே அல்ல. முன்பனி, பின்பனி என்று நாம் பருவம் பிரித்தது புல்நுனியில் நிற்கும் ஈரத்தை வைத்து. விண்ணிலிருந்து உறைந்து விழுவதற்கு 'ஆலி' இருக்கிறது. ஆலங்கட்டியை இன்றும் சொல்கிறோம். ஆகவே, வளி உறைந்த ஆலி என்ற பொருளில், வளியாலி. 'உலர்' என்பதும் 1925இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பதிவு செய்த வணிகப் பெயரின் நிழல்தான். தீலோரியே என்ற பிரெஞ்சுக்காரர் 1835இலேயே அந்தப் பொருளைக் கண்டு எழுதிவிட்டார். தவிர, 5.1 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அதுவும் உருகித் திரவமாகும். அப்போது உலர் எங்கே போகும்?

பள்ளி ஆசிரியை:
ஐயா, என் பிள்ளைகள் கல்யாண மண்டபத்தில் மணமக்கள் காலடியில் புகையாய்ப் பார்த்த பொருள் இது. அந்தப் புகை காற்றிலுள்ள நீராவி குளிர்ந்தது என்று புரியவைக்கவே ஒரு வகுப்பு போகிறது. வளியாலிக்கு இன்னொரு வகுப்பு கேட்டால் தலைமையாசிரியர் விடமாட்டார்.

யாழ்ப்பாண நண்பர்:
எங்களுக்குக் காபனீரொட்சைட்டு என்பதே போதிய நீளம். திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவதற்குப் பதங்கமாதல் என்பது இரு கரைக்கும் பொது. பதங்கக்கட்டி என்றால் என்ன?

மூத்த உறுப்பினர்:
பதங்கம் சித்த மருத்துவத்தில் ஒரு மருந்து வகை, சரி. ஆனால் வடமொழியில் அது பறவை, விட்டில், ஞாயிறு எல்லாம்தான். அடுத்த அதிகாரம் சூரிய மின்கலம் என்றீர்களே, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்!

மொழிபெயர்ப்பாளர்:
அந்த அதிகாரத்தில் பெரோவ்ஸ்கைட் வருகிறது. ரோசே என்ற ஜெர்மானியர் 1839இல் யூரல் மலைக் கனிமத்துக்கு ஒரு ருஷ்யப் பிரமுகரின் பெயரை வைத்தார். பெக்கரல் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் ஒளியிலிருந்து மின்சாரம் கண்டதும் அதே ஆண்டு. மின்கலத்தில் இருப்பது அந்தக் கனிமம் அல்ல, அதே படிக அமைப்புள்ள வேறு சேர்மம். 2009இல் ஜப்பானின் மியாசகா குழுவுக்குக் கிடைத்த, ஒளியை மின்சாரமாக்கும் திறன் 3.8 சதவீதம். ஆள் பெயரை யாரும் தமிழாக்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பள்ளி ஆசிரியை:
தூள் என்றால் உலர்பனித் தூள், கட்டி என்றால் உலர்பனிக்கட்டி. இதற்கா இருபது மடல்?

யாழ்ப்பாண நண்பர்:
ஓம், எனக்குச் சம்மதம். பதங்கக்கட்டியை மீளப் பெறுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி அம்மா. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மூத்த உறுப்பினர்:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். மறுபதிப்பு வரும்போது பார்ப்போம். 'ஆலி'க்குத் தனி இழை தொடங்குகிறேன். அதில் 'தண்ணெனல்' என்ன வேர் என்று எவரேனும் சொல்லுங்கள்.