மறுமொழி: 'ஃபிளானர்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> இம்ப்ரெஷனிச (19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாணி) ஓவியக் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. தெருவில் சும்மா நடந்தபடி ஊரைப் பார்ப்பவர். 'உலாவி' போதாதா?

ஐயா, வணக்கம். 'உலாவி'யை இணையக்காரர்கள் 'பிரவுசரு'க்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். "பாரிசில் உலாவிகள் பெருகினர்" என்று எழுதினால் சிரிப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் பார்வையின் திசை. நம் உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வருவான், ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்ப்பார்கள். ஃபிளானர் நேர்மாறு. அவன் ஊரைப் பார்ப்பான். ஊர் அவனைக் கவனிக்காது.

பிரெஞ்சு ஓவியர் கைபோத் 1877இல் காட்சிக்கு வைத்த மழைநாள் பாரிஸ் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 7 அடி உயரம், 9 அடி அகலம். மழைக்கோடு ஒன்றுகூடக் கிடையாது. ஈரக் கல்தரையின் மினுமினுப்பும் குடைகளும்தான் மழை. ஒரே குடைக்குள் இருவர் நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள், கண் மட்டும் பக்கவாட்டில் எங்கோ. வலது ஓரத்தில் முதுகு காட்டிப் போகிறவரைச் சட்டகம் பாதியில் வெட்டிவிட்டது. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் குடையும் குடையும் இடிக்கும். நடந்தபடியே ஊரைப் பார்க்கும் அந்தக் கண்ணுக்குத்தான் நாம் சொல் தேடுகிறோம்.

> 'வேடிக்கை பார்ப்பவர்'?

அதை 'பாடோ' என்ற இன்னொரு பிரெஞ்சுச் சொல்லுக்கு வைத்துக்கொள்வோம். பிரெஞ்சு எழுத்தாளர் ஃபூர்னெல் 1858இலேயே இரண்டையும் பிரித்துவிட்டார்: பாடோ காட்சியில் தன்னை மறந்து வாய்பிளந்து நிற்பவர், ஃபிளானர் தன் நினைவை இழக்காதவர்.

என் பரிந்துரை 'நகர்வலர்'. நூலகம், நூலகர் போல நகர்வலம், நகர்வலர். சாமியும் நகர்வலம் வருவார், மறுக்கவில்லை. ஆனால் மாறுவேடத்தில் நகர்வலம் போன ராஜா கதையைக் கேட்காமல் நம்மில் யார் வளர்ந்தோம்? பிரெஞ்சுக் கவிஞர் போதலேரும் 1863இல் இப்படிப்பட்டவரை, யாருக்கும் தன்னைத் தெரியாததை ரசிக்கும் இளவரசன் என்றுதான் சொல்கிறார்.

ஓவியர் பிசாரோவின் 1897 மொன்மார்த்ர் பெருந்தெரு ஓவியங்களுக்கு மட்டும் இச்சொல் வேண்டாம். கண்நோயால் வெளியில் நின்று வரைய முடியாமல், விடுதி ஜன்னலிலிருந்து தெருவைத் தீட்டினார் அவர். வலமே போகாதவரை நகர்வலர் என்பது எப்படி?

> 'நகர் ஆர்வலர்' என்று படித்துவிடுவார்களே?

சிலர் படிப்பார்கள். முதல் முறை வருமிடத்தில் பக்கத்திலேயே 'ஃபிளானர்' என்று போட்டுவிட்டால் தீர்ந்தது. பிரெஞ்சில் பெண்ணுக்கு வேறு வடிவம் உண்டு. நமக்கு அந்தத் தலைவலி இல்லை, 'அர்' விகுதி இருவருக்கும் பொது.