இரவல் கார் மோதினால் நஷ்டஈடு யார் தலையில்?

கேள்வி: சித்தப்பா காரை அவருடைய நண்பர் திருமங்கலம் வரைக்கும் வாங்கிப் போனார், வழியில் பைக்கில் மோதி, பைக்காரருக்குக் கால் முறிவு. காருக்கு இன்சூரன்ஸ் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஓட்டியவர்தானே கொடுக்கணும், சித்தப்பா எதற்கு?

பதில்: சிக்கல்தான். இங்கே கட்டாய இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், ஓட்டுபவருக்கு இல்லை. பாலிசி நடப்பில் இருந்திருந்தால் நண்பர் ஓட்டியிருந்தாலும் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்திருக்கும். இப்போது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டால் ஓட்டியவர், ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) பெயர் இருப்பவர் இருவரையும் சேர்த்தே பொறுப்பாக்குவார்கள், அப்புறம் யாரிடம் சொத்து இருக்கிறதோ அவரைத்தான் பிடிப்பார்கள்.

இன்னொருவர்: அபராதம் தனி. இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு முதல் தடவை 2,000 ரூபாய், அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். நண்பருக்கு லைசென்ஸ் உண்டா? இல்லையென்றால் வண்டி கொடுத்தவருக்கு இன்னொரு 5,000.

கேட்டவர்: லைசென்ஸ் இருக்கு. இன்சூரன்ஸை இன்றைக்கே புதுப்பித்துவிட்டால்?

பதில்: நடந்த விபத்துக்குச் செல்லாதுங்க. கார் ரிப்பேர் செலவை நண்பரிடம் கேளுங்கள். ஸ்டேஷன் வாசலில் வெள்ளைத்தாளில் சமாதானம் எழுதி முடிக்காமல், மோட்டார் வழக்கு பார்க்கும் வக்கீலை முதலில் பாருங்கள்.